ஐநூறு குதிரையும் ஒரு சனிக்கிழமையும்

திருப்பூர்க்காரர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. ஒரு நிட்டிங் மெஷின் வாங்க ஆறு மாசம் யோசிப்பார்கள். ஊசி எங்கே கிடைக்கும், பிட்டர் உள்ளூரிலேயே இருக்கிறாரா, பழசு என்றால் எத்தனை ஷிப்ட் ஓடியது, திருப்பி விற்றால் என்ன போகும்... துருவித் துருவிக் கேட்பார்கள். அதே ஆள் அதைவிட அதிக விலைக்கு ஒரு கார் வாங்கப் போனால் இரண்டே கேள்விதான். என்ன கலர் இருக்கு? எப்ப டெலிவரி?

முதலிபாளையத்தில் சிட்கோ பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்ன பனியன் கம்பெனி. இருபது சொச்சம் மெஷின். கட்டிங் டேபிளில் ஆரம்பித்து, கடன் வாங்கி, மெஷின் வாங்கி முதலாளியான அப்பா. காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு மறந்துபோகும் மகன். 2023-ல் ஒரு நாள் மகன் செல்போனை நீட்டினான். பத்து வயசைத் தாண்டிய ஒரு ஜெர்மன் செடான். புதுசாக வந்தபோது கோடிக்குப் பக்கம். இப்போது புது இன்னோவா விலை.

"ஐநூறு குதிரைங்கப்பா. இந்த விலைக்கு இனிமேல் கெடைக்காதுங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவை நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. இதுக்கு ஊசி எங்க கெடைக்கும்?"

"கார்ல ஏதுங்கப்பா ஊசி?"

"உடையறதெல்லாம் ஊசிதான்."

மகனிடம் பதில் இல்லை. சிரித்து மழுப்பினான். ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். 'வேகமான சொகுசுக் கார், ஆனால் வைத்துக் காப்பாற்றவும் முடியணும்' என்று ஆசைப்படும் எல்லோருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

முதல் பாடம் விலை பற்றியது. கார் இன்சூரன்ஸில் ஐடிவி என்று ஒன்று உண்டு. வண்டி மொத்தமாகப் போனால் கம்பெனி தரும் தொகை. அதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 30, நாலாம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50. உதாரணத்துக்கு பிஎம்டபிள்யூ எம்340ஐ. 2021 மார்ச்சில் இந்தியாவில் வந்தபோது ஷோரூம் விலை 62.90 லட்சம். அதே விலையை வைத்துப் பார்த்தால் ஐந்தாம் வருடம் 31.45 லட்சம். போனதும் 31.45 லட்சம். ஒரு நாளைக்குச் சுமார் 1,700 ரூபாய். கார் ஷெட்டில் சும்மா நின்றாலும் ஒரு டெய்லரின் நாள் கூலிக்கு மேல் கரைகிறது!

அப்படியானால் பழைய கார்தானே புத்திசாலித்தனம்? கரைவதை முதல் ஓனரே கரைத்துவிட்டாரே?

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். காரின் விலை பாதியாகும். அதன் பாகங்களின் விலை பாதியாவதில்லை. ஒரு கோடி ரூபாய் காரை இருபது லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் பிரேக் டிஸ்க், ஏர் சஸ்பென்ஷன், ஹெட்லைட் எல்லாம் ஒரு கோடி ரூபாய் காரின் விலையிலேயேதான் இருக்கும். வாங்கியவன் இருபது லட்சக்காரன், பராமரிக்க வேண்டியது கோடிக்காரனைப் போல.

உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் 2005-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5. ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைசக்தி. சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த எஞ்சினை பிஎம்டபிள்யூ எம்5, எம்6 தவிர தன்னுடைய வேறு எந்தக் காரிலும் வைக்கவில்லை. அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் சீக்கிரம் தேயும் என்பதால், விவரம் தெரிந்த ஓனர்கள் அதை பிரேக் பேடு மாதிரி குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை மாற்றும் பாகமாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதற்கு எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பிரித்தாக வேண்டும். பழைய விலையைப் பார்த்து அதை வாங்குகிறவர் முதல் ஓனர் தள்ளிவிட்ட பில்லையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஆக இரண்டாவது பாடம்: அந்த எஞ்சின் வேறு எத்தனை காரில் ஓடுகிறது?

எம்340ஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ. வந்தபோது 387 குதிரைசக்தி. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. இந்த எஞ்சின் குடும்பம் 2015-லிருந்து பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் இருக்கிறது. 2019-ல் டொயோட்டா தன் சூப்ராவுக்கும் இதையே வாங்கிப் போட்டது. கியர்பாக்ஸ் இசட்எஃப் கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், அதுவும் பல கார்களில் இருப்பதுதான். இன்னொரு விஷயம்: 2007-ல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலை சென்னைக்குப் பக்கத்தில்தான், செங்கல்பட்டு போகும் வழியில் இருக்கிறது. எம்340ஐ அங்கேதான் பூட்டப்பட்டது. முழுசாக இறக்குமதியாகும் கார்களுக்குப் பத்து வருஷத்துக்கும் மேலாக 60 சதவீதத்துக்குக் குறையாத சுங்கவரி இருந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இன்னும் கீழே இறங்கினால் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2004-ல் 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைசக்தியோடு இந்தியாவுக்கு வந்தது. அன்றைக்கு அது பெரிய வேகம். 2017-ல் வந்தது 2 லிட்டர், 230 குதிரைசக்தி, 24.62 லட்சம். எஞ்சின் சூப்பர்ப், ஆடி கார்களில் இருக்கும் அதே குடும்பம். ஆறு கியர் டிஎஸ்ஜி பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றணும். அதை மறக்காமல் செய்தவருடைய பழைய காரையும் மறந்தவருடைய பழைய காரையும் ஒரே விலைக்குக் கேட்பார்கள். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பேரை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 2025 அக்டோபரில் அதே ஆக்டேவியா ஆர்எஸ் 265 குதிரைசக்தியோடு திரும்ப வந்தது. விலை 49.99 லட்சம். வந்ததே 100 கார், அத்தனையும் முழு இறக்குமதி. எஞ்சின் பாகம் கிடைத்துவிடும். காங்கேயம் ரோட்டில் ஒரு பைக்காரர் உரசி ஹெட்லைட்டோ பம்பரோ போனால்? நாட்டிலேயே நூறு பேரிடம் இருக்கும் காருக்கு எந்தக் கடையில் ஸ்டாக் வைத்திருப்பார்கள்?

மூன்றாவது பாடம் வரி. "கம்பெனி பேர்ல வாங்கிட்டா வரியில பாதி வந்துருமுங்க" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். பாதி உண்மை. கூட இல்லை, கால்வாசி. காருக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். ஆனால் ஜிஎஸ்டி? ஓவர்லாக் மெஷினுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கான காருக்கு எடுக்க முடியாது. 17(5) பிரிவு தடுக்கிறது. காரோடு முடியவில்லை, அந்தக் காரின் இன்சூரன்ஸ், ரிப்பேர், சர்வீஸ் எதற்கும் கிரெடிட் கிடையாது. மெயின்டனன்ஸ் பில் முழுசாக நம் தலையில்தான். ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

இன்சூரன்ஸிலும் ஒரு கண்ணி உண்டு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இந்த மாதிரிக் காரில் பம்பர் ஒன்றுக்கே நெஞ்சு வலிக்கும். ஜீரோ டெப்ரிசியேஷன் போடாமல் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது. பிஎம்டபிள்யூ மாதிரி கம்பெனிகள் சில வருஷத்து சர்வீஸை முன்கூட்டியே ஒரு தொகைக்கு விற்கின்றன. பார்க்க அதிகமாகத் தெரியும். ஆனால் எப்போது எவ்வளவு என்று தெரியாத செலவு, தெரிந்த செலவாக மாறுகிறது. தொழில் செய்கிறவனுக்கு அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

நோட்டில் இவ்வளவும் எழுதிவிட்டு மகன் அப்பாவிடம் காட்டினான். அவர் முழுசும் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார்.

"ஆர்டர் இல்லாத மாசம் இந்தக் காரு பில்லு வந்தா, சனிக்கிழமை சம்பளம் போட முடியுமா? அத எழுதிக்கோ சாமி."

திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் பணம் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையே நடக்கிறது. ஆனால் கம்பெனிக்கு வரவேண்டிய பணம் வாரா வாரம் வராது. நல்ல வருஷம் இருக்கும், கெட்ட வருஷம் இருக்கும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்ததைப் பார்த்தவர் அவர். அந்த வருஷம் எத்தனை கார்கள் கைமாறின என்பது அவர் தலைமுறைக்குத்தான் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் போனால் என்ன விலை கிடைக்கும்? கஷ்டத்துக்கு உதவும் என்று நினைத்த சொத்து, கஷ்டம் வந்த நாளில்தான் மலிவாகிப் போகிறது.

ஐநூறு குதிரை வரவில்லை. கொஞ்ச மாசம் தேடி, சர்வீஸ் புத்தகம் முழுசாக இருந்த ஒரு பழைய சூப்பர்ப் பெட்ரோல் வந்தது. 2 லிட்டர் டர்போ, 190 குதிரைசக்தி. மகனுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். அவினாசி பைபாஸில் ஒரு தடவை மிதித்துப் பார்த்த பிறகு வருத்தம் குறைந்தது :-)

பிறகு 2025 ஆகஸ்ட் 27. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் மெஷின் நின்றது. அவர்களிடம் வேலை வாங்கிய ஜாப் ஒர்க் கம்பெனிகளிலும் நின்றது. அந்த மாசம் பார்த்துத்தான் சூப்பர்ப்புக்கு நாலு டயரும் பிரேக் பேடும் மாற்ற வேண்டியதாயிற்று. பில் லேசானதில்லை. அப்பா இரண்டு தடவை படித்தார். பணம் கட்டினார். அந்த சனிக்கிழமையும் சம்பளம் போட்டார். யாருக்கும் பாக்கி இல்லை.

பக்கத்து வளைவில் ஒரு ஐரோப்பியக் கார் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஏர் சஸ்பென்ஷன் இறங்கி வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. ஓனர் நல்ல மனுஷர், நல்ல வருஷத்தில் வாங்கியவர். மகன் ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்ப்பான். ஆசை விட்டுப்போகவில்லை. அது போகவும் வேண்டாம்.

வேகமும் சிக்கனமும் எதிரிகள் இல்லை என்பதை கொங்கு மண் எப்போதோ காட்டிவிட்டது. கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் பந்தயக் கார் கட்டினார். எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவான் என்கிற எஞ்சின். 2005-ல் பார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த பார்முலா மாருதிதான். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்குக் கரிவரதன் பேர்தான் இருக்கிறது.

எனவே கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை. எத்தனை குதிரை என்று தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். நல்ல வருஷத்தில் எல்லோராலும் கார் வாங்க முடியும். கெட்ட வருஷத்திலும் ஓட்ட முடிகிற கார்தான் நம் கார்.