நெருப்புக்குப் பின் வரும் அம்பர்

தங்கம் நெருப்பில்லாமல் வேலைக்கு இணங்காது. அம்பரோ நெருப்பைக் கண்டால் கெட்டுவிடும். கெல்டிக் முடிச்சுக் கோலத்தில் கையால் நகை செய்யும் கைவினைஞரின் வேலை வரிசையை இந்த முரண்தான் தீர்மானிக்கிறது. சுத்தத் தங்கம் உருகுவது 1064 பாகை செல்சியஸில். பற்றவைக்கும் பொடி அதற்குக் கீழே உருகினாலும் அதற்கும் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். ஆனால் மரப்பிசின் மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல் மண்ணுக்குள் கிடந்து இறுகியதான பால்டிக் அம்பர், ஏறக்குறைய 150 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. (திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் வாசனைப் பொருளான அம்பர் வேறு, பெயர் மட்டுமே ஒன்று.) ஆகவே பற்றவைப்பு, அமிலக் கழுவல், மெருகு எல்லாம் முடிந்த பிறகே அம்பர் தன் இருப்பிடத்துக்கு வரமுடியும்.

கெல்டிக் என்னும் அடைமொழியும் சற்றுத் தளர்வானதுதான். ரோமானியருக்கு முற்பட்ட கெல்டியரின் உலோகக் கலையில் சுருள்களே மிகுதி. கயிறு பின்னியது போன்ற முடிச்சுக் கோலம் 7ஆம் நூற்றாண்டையொட்டி அயர்லாந்து, பிரிட்டன் மடாலயச் சுவடிகளிலும் கம்மியர் பட்டறைகளிலும் செழித்தது. அக்காலத் தங்க இழை வேலையும் அம்பரும் ஒன்றுசேர்ந்த புகழ்பெற்ற அணி, இன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள தாரா ப்ரூச். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த, ஆடையைப் பிணைக்கும் இந்த ஊசியணியின் உடல் முலாம் பூசிய வெள்ளி. அதன் சிறு கட்டங்களில் தங்க இழை வேலையும், இடையிடையே அம்பரும் கண்ணாடியும் அமைந்துள்ளன. 1850இல் மீத் மாவட்டத்துப் பெட்டிஸ்டவுன் கடற்கரையருகே கிடைத்த இதற்கும் தாரா குன்றுக்கும் தொடர்பில்லை. நகல் செய்து விற்ற டப்ளின் நகை வணிகர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் சூட்டிய பெயர் அது.

முடிச்சின் கணக்கு கம்பியை வளைக்கும் முன்பே தாளில் முடிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து ஓவிய ஆசிரியர் ஜார்ஜ் பெய்ன் 1951இல் வெளியிட்ட செய்முறை நூலுக்குப் பின் இது பலருக்கும் எளிதாயிற்று. சிக்குக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இது அந்நியமாக இராது: நீளத்தில் 5, அகலத்தில் 4 புள்ளிகள் வைத்துச் சுற்றினால் ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றி மூடிக்கொள்ளும், 6க்கு 4 வைத்தால், அவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 2 என்பதால், இரண்டு தனி இழைகள் வரும். கோலத்தில் கோடுகள் வெறுமனே வெட்டிச் செல்கின்றன. முடிச்சிலோ ஒவ்வோர் இழையும் ஒருமுறை மேலே, மறுமுறை கீழே என்று மாறி மாறிச் செல்லவேண்டும்.

தாளில் தெரியாத சிக்கல் உலோகத்தில்தான் தெரியவரும். 0.8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் உயரம் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால், பின்னல் முழுவதும் மேடும் பள்ளமுமாக நிற்கும். கம்பியும் ஒவ்வொரு வளைவிலும் இறுகிக்கொண்டே போவதால், இடையிடையே காய்ச்சி இளக்காவிட்டால் முறிந்துவிடும். இழையின் இரு முனைகளும் சந்திக்கும் மூட்டை, மேலே செல்லும் இன்னோர் இழையின் அடியில் ஒளிப்பதே வழக்கம். நல்ல பின்னலில் தொடக்கம் எங்கே என்று செய்தவரே தேடவேண்டியிருக்கும். பொடி சற்றே கூடிவிட்டால் உருகி இடுக்குகளுக்குள் ஓடி, பின்னல் அச்சில் வார்த்ததுபோல் மழுங்கிவிடும். அதனால் பொடி போகக்கூடாத இடங்களில் காவிக் குழம்பு தடவி, பொடியை ஓடச்செய்யும் வெண்காரத்தைக் கடுகளவு மட்டும் வைப்பதே கைப்பக்குவம்.

அம்பரின் முறை அதன்பின் வருகிறது. நகத்தைவிட அதிகக் கடினமில்லாத இப்பொருளை அரத்துக்கருகே விடக்கூடாது. மெருகிடத் தேய்க்கும்போதும் நிலைமின்னேற்றம் கொண்டு பஞ்சுத் துகளையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அம்பருக்குக் கிரேக்கர் வைத்த எலெக்ட்ரான் என்ற பெயரிலிருந்துதான் மின்சாரத்துக்குரிய ஐரோப்பியச் சொற்கள் பிறந்தன. இருப்பிடத்தின் அடியில் மெருகிட்ட தங்கத் தகடு இருந்தால் ஒளி திரும்பி வந்து அம்பர் தேன்போல் தெரியும். அடி திறந்திருந்தால் உடுத்தியிருக்கும் துணியின் நிறமே அதில் தெரியும். சுற்று விளிம்பைக் காரட் மிகுந்த மென்தங்கத்தில் மெல்லியதாக அமைத்து, சுத்தியலைத் தொடாமல், வழுவழுப்பான எஃகு முனையால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிச் சிறிது சிறிதாக மடக்கவேண்டும். ஒரே பக்கமாக அழுத்தினால் அம்பரின் ஓரம் பெயர்ந்துவிடும். பின்னாளில் பின்னலில் ஓர் இழை விட்டுப்போனால், மடக்கிய அதே விளிம்பை மறுபடி நிமிர்த்தி அம்பரை வெளியே எடுத்த பிறகே நெருப்பைக் காட்டமுடியும்; பெரும்பாலும் அந்த நிமிர்த்தலிலேயே விளிம்பு கிழிந்து, புதிதாக வேறு வைக்கவேண்டியதாகிறது.