இடப்பக்கம் திரும்பிய மயில்

சிவகாசியில் புத்தாண்டு ஆடி மாதத்திலேயே பிறந்துவிடும். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு, வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அங்குள்ள அச்சகங்களின் வழக்கம். ஏஜெண்டுகள் ஆல்பத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை முதலாளிகள் பக்கம் பக்கமாகப் புரட்டி, பிள்ளையாரையோ லட்சுமியையோ தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுப்பார்கள். ஆடியில் ஆல்பம் தயாராக வேண்டுமென்றால் சித்திரைக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே, நாம் சுவரில் புதுக் காலண்டர் மாட்டும் ஜனவரியில், படம் எழுதுகிறவர் அதற்கும் அடுத்த ஆண்டின் சாமியைத் தொடங்கியிருப்பார்.

அப்படியொரு ஜனவரியில்தான் கோவில்பட்டிக்குப் போனேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த ஓவியருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மாடியில் ஓர் அறை, வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே சாய்த்து வைத்த அட்டையில் பாதி முடிந்த கஜலட்சுமி. யானைகளுக்கு வண்ணம் ஏறிவிட்டது. அம்மனுக்கு முகம் இன்னும் பென்சிலில்தான் இருந்தது. "முகத்தக் கடைசியிலதான் எழுதுவேன். மொதல்லயே எழுதிட்டா அவ நம்மளப் பாத்துக்கிட்டே இருப்பா, மத்த வேல ஓடாது" என்றார்.

இந்த ஊரில் காலண்டர் ஓவியம் வேர்விட்டதற்குக் காரணம் ஒரு நாடகக் கம்பெனி கலைந்ததுதான். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சிறிது காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதப் போனவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). அவர் இருந்த குழு கோவில்பட்டியில் கலைந்துபோக, 1940களில் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது. டி.எஸ். சுப்பையா, மீனாட்சிசுந்தரம், அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பக்கத்தில் சிவகாசி, அங்கே தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சு எந்திரங்கள் சாமி படத்துக்கும் தயாராக இருந்தன. குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் தமிழ்நாட்டுப் பூசையறைகளை நிறைத்தன.

அந்தப் படங்களை நாடக மேடையை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சாமி நம்மைப் பார்த்து நேராக நிற்கும். வெளிச்சம் முன்னாலிருந்து விழும். பின்னால் தெரியும் நீல மலையும் ஓடையும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவை. தொங்கவிட்ட படுதா அது. கோவில்பட்டியைச் சுற்றி இருப்பதோ கரிசல் காடு, பனை, வெயில். ஊரில் இல்லாத குளிர்ச்சியைத்தான் இந்த ஊர்க்காரர்கள் காலமெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

நான் சந்தித்தவர் அந்தச் சீடர்களில் ஒருவரிடம் தொழில் பழகியவர். சிறுவனாக இருந்தபோது கிண்ணம் கழுவுவதும் வண்ணம் குழைப்பதும்தான் வேலை. நகையை எழுத விட்டதற்கே பல ஆண்டுகள் ஆயிற்றாம். தங்க வண்ணம் தொட்டால் திட்டு விழும். மஞ்சள் காவி, அதன் விளிம்பில் பழுப்பு, உச்சியில் ஊசிமுனை அளவு வெள்ளை. இந்த மூன்றும் சேர்ந்தால் காகிதத்தில் பொன் மின்னும். நிஜத் தங்க வண்ணத்தை நான்கு வண்ண அச்சு அழுக்குப் பச்சையாக்கிவிடும். இப்போது அச்சகத்தில் கோல்டு ஃபாயில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். அவருக்கு அதில் உடன்பாடில்லை. "ஒட்டியாணம் மின்னுது சரி, அது இடுப்பச் சுத்திப் போகலையே" என்றார். அப்படியொரு படத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஃபாயில் தட்டையாகப் பளபளத்தது, வளைவு காணாமல் போயிருந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அட்டையின் கீழ்ப்பகுதி கடைப் பெயருக்கும் தினத்தாள் கட்டுக்கும் உரியது. சாமியின் பாதம் அதற்குள் மறைந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். எனவே பாதத்திலிருந்துதான் அளவெடுத்து மேலே போகிறார். மாணவர்களுக்குத் தலையிலிருந்து தொடங்கச் சொல்லித்தரும் எந்த ஓவியப் பள்ளியிலும் இந்தக் கணக்கு இருக்காது.

"இந்த வருசம் என்ன திட்டம் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கம்பெனி கேக்குத திட்டமா, என் திட்டமா?" என்றார். கம்பெனியின் திட்டம் எப்போதும் ஒன்றுதான்: போன வருசம் ஓடின படம் மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் அதே படமாக இருக்கக் கூடாது. அவருடைய திட்டம் கழுகுமலையில் இருந்தது.

கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் போய்விடலாம். பாறையைச் செதுக்கி எடுத்த வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இவர் சிறுவயதிலிருந்து போவது கீழே குடைவரையில் இருக்கும் முருகனிடம். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடிய முருகன். ஒரு முகம், ஆறு கை. மயில் இடப்பக்கம் பார்த்திருக்கும். காலண்டர் முருகன்களின் மயில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் பார்க்கும். ஐம்பது வருசமாக வலப்பக்க மயிலையே எழுதியிருக்கிறார். இந்த முறை கழுகுமலை மயிலை, பின்னால் படுதா மலைக்குப் பதிலாகக் கழுகுமலைப் பாறையையே வைத்து, பாறைக்குக் கீழே கரிசலும் பனையுமாக எழுத வேண்டும் என்பது அவர் ஆசை.

முன்பொரு தடவை பென்சில் படத்தைக் காட்டியபோது ஓர் அச்சகக்காரர் சிரித்தாராம். "நெகட்டிவ மாத்திப் போட்டுட்டீங்களா?"

கேலிக்குச் சொன்னதுதான் என்றாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓவியரின் மகன் கணினியில் வடிவமைப்பு செய்கிறவர். வலப்பக்க மயிலை ஒரு சொடுக்கில் திருப்பிவிடலாமே என்று சொல்லி, திருப்பியும் காட்டினார். மயில் திரும்பியது. கூடவே வேல் இடக்கைக்குப் போனது. அபயம் காட்டும் கை இடக்கையானது. வள்ளியின் இடத்துக்குத் தெய்வானை வந்தாள். பூணூல் வலத்தோளுக்கு ஏறிற்று. பிதிர்க் காரியத்தின்போதுதான் பூணூல் அப்படி மாறும். பெரியவர் திரையைப் பார்த்துக் கையை உதறினார். மயிலை மட்டும் திருப்ப முடியாது. மயிலின் கழுத்து திரும்பினால் முருகன் உட்காரும் சாய்வு மாறும், தொங்கும் கால் மாறும், பாதம் மாறினால் கீழே விடும் இடமும் மாறும். மொத்தப் படத்தையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் அடிக்கடி கழுகுமலைக்குப் போய்த் திரும்புகிறார். நோட்டில் பாறையாக வரைந்து வைத்திருந்தார்: காலைப் பாறை, உச்சிப் பாறை, மழை நனைந்த பாறை. மழைப் பாறை கறுத்து, ஆங்காங்கே ஊதா. அதுதான் முருகனின் சிவப்புக்குப் பொருந்தும் என்று தேர்ந்திருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய படங்களும் இப்போது ஆல்பத்துக்கு வருகின்றன. அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு படத்தில் விரல்களை எண்ணிக் காட்டிவிட்டு மூடினார். கூலிதான் அவருக்குப் பெரிய வருத்தம். படத்துக்கு ஒருமுறை காசு வாங்கினால் அதோடு சரி. அச்சகம் பத்து வருசம் கழித்து, சேலை நிறத்தை மட்டும் மாற்றி அதே அம்மனை விற்றால் கேட்க முடியாது. தன் பழைய லட்சுமி ஒருத்தி ஊதாச் சேலையில் ஒரு பலசரக்குக் கடையில் தொங்கியதைப் பார்த்தாராம். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று வேறு சொல்கிறார்.

கழுகுமலைக் கடைத்தெருவில் இந்த முருகன் கண்டிப்பாக விற்கும் என்றேன்.

"விக்கும் தம்பி. கழுகுமலைக்காரன் எத்தன காலண்டர் வாங்குவான்? மெட்ராஸ்காரன்ல வாங்கணும்."

அச்சகத்திடம் இந்த முருகனையும் வழக்கமான முருகனையும் சேர்த்தே கொடுக்கப் போகிறார். ஒன்றை எடுத்தால்தான் மற்றது என்று சொல்லிப் பார்ப்பாராம். நான் கிளம்பும்போது மறுபடி லட்சுமியிடம் உட்கார்ந்துவிட்டார். அவள் மாசிக்குள் போக வேண்டும். முருகனுக்குப் பங்குனி வரை தவணை இருக்கிறது.