ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது

"சத்தம் எப்பங்க வருது? ஸ்பீடு பிரேக்கர்லயா, குழியிலயா?"

நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் பட்டறைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டை ஒட்டிய பட்டறை. தகரக் கூரை, பின்னால் தென்னந்தோப்பு, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மண்தரை. குழியில்தான் வருகிறது என்றேன். இடது முன்சக்கரத்துக்கு மேலே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல 'டக் டக்'. மெதுவாகப் போகும்போது நன்றாகக் கேட்கும், வேகம் எடுத்தால் மற்ற இரைச்சலில் அமுங்கிவிடும். மாதம் இரண்டு முறை வால்பாறை ஏறி இறங்கும் எஸ்யூவி அது. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வளைவிலும் திரும்புவது நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி.

"வேகத்தடையில நேரா ஏறுனா வருதுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வருவதில்லை.

"அப்போ லிங்க்கா இருக்கோணும். பாத்துரலாம் வாங்க."

இதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு கேள்வியில் ஒரு மனிதர் எப்படிக் கோளாறுக்கு அவ்வளவு அருகில் வந்தார் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் அன்று முழுவதும் அந்தப் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் சொன்ன லிங்க், ஸ்டெபிலைசர் பாரோடு சேர்ந்தது. ஸ்டெபிலைசர் பார் என்பது வண்டியின் குறுக்கே, இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே கிடக்கும் ஸ்பிரிங் எஃகுக் கம்பி. இரு முனையும் வளைந்து, பார்வைக்குப் படுத்த 'ப' மாதிரி இருக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் அடிச்சட்டத்தோடு பிடித்துக்கொள்கின்றன. முனைகளைச் சக்கரத்தின் சஸ்பென்ஷனோடு இணைப்பது லிங்க். வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. ஒரு சக்கரம் உள்ளே அமுங்க, மற்றது கீழே தொங்கப் பார்க்கிறது. அப்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கின் எதிர்ப்புதான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. இதற்கு 1919-லேயே காப்புரிமை வாங்கியவர் கனடாவின் ஃபிரெடரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன். உயரமான எஸ்யூவிக்குச் சாய்வு அதிகம் என்பதால் இந்தக் கம்பிக்கு வேலையும் அதிகம். கம்பி கொஞ்சம் தடித்தாலே விறைப்பு மிகவும் கூடிவிடும். விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப உயர்கிறது முறுக்கு விறைப்பு. பத்து சதவீதம் தடித்தால் ஏறத்தாழ 46 சதவீதம் விறைப்பு கூடும்.

அண்ணன் கேட்ட கேள்வியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வேகத்தடையில் நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போகும், கம்பி முறுக்காமல் புஷ்ஷுக்குள் சும்மா உருளும், லிங்க்கில் பாரமே ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால்தான் கம்பி முறுக்கி லிங்க்கை இழுக்கும். லிங்க்கின் மூட்டு தேய்ந்திருந்தால் அந்த இழுப்பில் 'டக்' என்று அடிக்கும்.

வண்டியைத் தரைக்குழியின் மேல் நிறுத்தச் சொன்னார். நான்கு சக்கரமும் தரையில். ஜாக்கி வேண்டாமா என்று கேட்டதற்கு, "ஒரு பக்கம் தூக்குனீங்கன்னா கம்பி முறுக்கிக்கும்ங்க. லிங்க் விறைச்சு நிக்கும். ஆட்டமே தெரியாது" என்றார். முன்பு போன இடத்தில் வண்டியைத் தூக்கியதே கோளாறை மறைத்துவிட்டிருக்கிறது.

குழிக்குள் இறங்கி, இடது லிங்க்கின் மேல் மூட்டை மூன்று விரல்களால் பிடித்தார். கண் எங்கோ தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கண்ணு, ஆட்டு" என்றதும் பட்டறைப் பையன் இரண்டு கையாலும் வண்டியைப் பக்கவாட்டில் அசைத்தான். மூன்றாவது அசைப்பில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு என் விரலை அதே இடத்தில் வைத்தார். பழுத்த நாவல்பழ அளவுள்ள அந்த மூட்டுக்குள், நகத்தின் தடிமன்கூட இல்லாத ஒரு துள்ளல். காதுக்குக் கேட்கவில்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது. வலது பக்கம் வைத்தபோது அங்கே ஒன்றும் இல்லை, எலும்பு மாதிரி அமைதி. இந்த வித்தியாசத்தைச் சொல்லும் விரல் ஒரு நாளில் வந்துவிடாது. இனி எவ்வளவு கருவி வந்தாலும் அந்த விரலை நான் மதிப்பேன்.

கழற்றுவதற்கு முன் உதிரிபாகக் கடைக்குப் போனோம். லிங்க்கை எப்போதும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரே ரோட்டில் ஒரே தூரம் ஓடியவை, ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே வரும். கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். அண்ணன் டப்பாவைப் பார்க்கவே இல்லை. முதலில் நீளம். பழைய லிங்க்கின் ஒரு மூட்டு நடுவிலிருந்து மறு மூட்டு நடுவரை அளந்த கயிறு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார், புதியதோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நீளமும் மறுபக்கம் குட்டையுமாகப் போட்டால் கம்பி எப்போதும் கொஞ்சம் முறுக்கியே நிற்கும். அடுத்து மூட்டின் தண்டைக் கட்டைவிரலால் சாய்த்தார். புதிய மூட்டு இறுக்கமாக, பிசுபிசுவென்று நகர வேண்டும். கொழகொழவென்று விழுந்தால் அது வேண்டாம். ரப்பர் உறையை அழுத்தி, வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் சுற்றி வந்தார். ஒன்றை அந்த இடத்திலேயே தள்ளிவைத்தார். நடுத்தண்டு பிளாஸ்டிக்காக இருந்த ஒன்றை நான் ஒதுக்கப் பார்த்தேன், அவர் தடுத்தார். கண்ணாடி இழை கலந்த நல்ல பிளாஸ்டிக் எடை குறைவு, துருப் பிடிக்காது. மூட்டும் ரப்பரும்தான் ஆயுளைத் தீர்மானிக்கும் என்றார். கடைசியில் எஃகுத்தண்டு உள்ள ஒரு சோடியைத்தான் எடுத்தார், காரணம் அதன் ரப்பர்.

பிறகு கழற்றல். முன்பக்கம் முழுவதையும் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்தார்கள். இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி தொங்கினால் கம்பி தளர்ந்து நிற்கும், லிங்க் கைக்கு வரும். கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்தக் காத்திருப்பும் வேலையில் சேர்ந்ததுதான். தண்டின் நுனியில் உள்ள ஆறு மூலைக் குழியில் அலன் கீயைச் செருகித் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்பானரால் நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காவிட்டால் தண்டும் சேர்ந்து சுற்றும்.

இடது மேல் நட்டு மசியவில்லை. அலன் குழி வழுக்கி உருண்டுபோய்விட்டது. பையன் கிரைண்டரை எடுத்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, பிரேக் ஹோஸ் மேலும் ஏபிஎஸ் ஒயர் மேலும் ஈரச் சாக்கைச் சுற்றினார். "லிங்க் போனா வேற லிங்க். ஹோஸ்ல பொறி பட்டா அது வேற கதை, கண்ணு." கண்ணாடி மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போடவிட்டார். பட்டறைகளில் பையன்களுக்குக் கண்ணாடி கொடுக்காத ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பட்டறைக்கு நான் திரும்ப வருவேன்.

புதியதை மாட்டும்போது நட்டை முதலில் விரலால்தான் ஏற்றினார்கள். காற்றுத் துப்பாக்கி மூலையில் கிடந்தது, யாரும் தொடவில்லை. அது ஓங்கிச் சுற்றினால் மூட்டு உள்ளேயே சுழன்று ரப்பர் கிழிந்துபோகலாம், புது லிங்க் மாட்டும்போதே பழசாகிவிடும். லிங்க்கோடு வந்த புதிய பூட்டு நட்டையே போட்டு, கையேட்டில் அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நட்டில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தான் பையன். கோடு விலகினால் நட்டு தளர்ந்துவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும். அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். இந்தப் பாகம் சக்கரத்தின் கோணத்தைத் தொடாது, டயர் சீராகத் தேய்ந்திருக்கிறது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றார். வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கழற்றிய மூட்டைப் பையன் வைஸில் வைத்து அறுத்துக் காட்டினான். ரப்பரில் மயிரிழை மாதிரி ஒரு கிழிசல். அதன் வழியாக மலைமழையும் புழுதியும் போயிருக்கிறது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறச் சேறு. வெள்ளை பிளாஸ்டிக் இருக்கை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. என் விரல் உணர்ந்த துள்ளல் அதுதான்.

தோப்போரம் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டான். இடது சக்கரத்தை வேண்டுமென்றே ஒவ்வொரு குழியிலும் விட்டேன். டயர் மண்ணை மிதிக்கும் சத்தம் மட்டுமே கேட்டது.

500 கிலோமீட்டர் ஓடியதும் மஞ்சள் கோட்டைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார் அண்ணன். "நாலு தடவை வால்பாறை போயிட்டு வந்தா ஆயிரும்ங்க."