லேசா மேலு காயுது

கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார் அம்பேத்கர். அவரைப் படிப்பதற்கு முன்பே நாங்கள் வெளியேறியிருந்தோம். ஆதிதிராவிடர் நல விடுதியும் கல்வி உதவித்தொகையும் எங்களைச் சிவகாசிப் பக்கத்துக் காலனியிலிருந்து வெளியே கொண்டுவந்து சேர்த்தன. இன்று அண்ணன் திருப்பூரில், தங்கை பெங்களூரில், இதை எழுதும் கை சென்னையில். அம்மாவும் அய்யாவும் மட்டும் அதே காலனியில். வெளியேறுவது பற்றித் தோழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வெளியேறியவர்களின் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தால் என்னவாகும் என்பதை நாங்கள் எங்கும் படித்ததில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளைக்கு ஒருமுறை கீமோ. ஊரிலிருந்து மதுரைக்கு 70 கிலோமீட்டருக்குக் குறையாது. செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் வேறு பெயரில் விரிந்த திட்டம். அது இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரர் வாசலில்தான் நின்றிருப்போம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து ஏறுவது ஒரு நாள். மீதி 20 நாளும் வீட்டில். அந்த 20 நாளுக்கு எந்த அட்டையும் கிடையாது.

இளைய தோழர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கீமோ மருந்து புற்றணுவோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையையும் அடிக்கிறது. பெரும்பாலான மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி நுழைந்தால் சீழ் பிடிக்காது, வீக்கம் இருக்காது. சண்டை போட ஆளில்லாத உடம்பில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசர நிலை. மருத்துவமனைக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டால் சூடு குறையும், கிருமி குறையாது. ஆபத்து மறைந்துபோகும், அவ்வளவுதான்.

இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் அம்மா போனில் சொன்னது: "ஒண்ணுமில்லய்யா, லேசா மேலு காயுது." எங்கள் பக்கத்தில் தலைவலியும் "மேலுக்கு முடியல"தான், சாகக் கிடப்பதும் "மேலுக்கு முடியல"தான். தூரத்துப் பிள்ளைகளைப் பதறவிடக் கூடாது என்று அம்மாக்கள் பழகிவைத்திருக்கும் மொழி அது. பக்கத்து கிளினிக்கில் கீமோ நடப்பதைச் சொல்லியும் ரத்தம் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் சூடு இறங்கியது. ராத்திரி குளிர் நடுக்கத்தோடு திரும்பி வந்தது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று போன்கள் ஓயாமல் அடித்து, தெருப் பையன்கள் வேன் பிடித்து, விடியும் முன்னே மதுரை. வெள்ளை அணு ஆயிரத்துக்கும் கீழே. "ஒங்க ஆளுங்க எப்பவும் கடைசி நேரத்துலதான் தூக்கிட்டு வருவீங்க" என்றார் அங்கிருந்த ஒருவர். 'ஒங்க ஆளுங்க' என்றால் யார் என்று அய்யாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்ற வரி முதல் கீமோவின்போதே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில். அய்யா அதை மற்ற சீட்டுகளோடு மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். வாயால் ஒருவரும் சொல்லவில்லை. ஆறு நாள் வார்டில் கிடந்து அம்மா மீண்டு வந்தார்.

நோயாளிக்கு அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு என்று டால்காட் பார்சன்ஸ் 1951இல் எழுதியதை முதுகலை வகுப்பில் மனப்பாடம் செய்தோம். பார்சன்ஸ் எங்கள் ஊர்ப் பட்டாசு ஆபீசைப் பார்த்ததில்லை. குரோஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு, கை நின்றால் காசு நிற்கும். இ.எஸ்.ஐ.யில் பதிவாகி, போதிய காலம் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு அதன்பிறகு 80 சதவீதம், மொத்தம் 2 ஆண்டு வரை நீட்டிக்க முடியும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் அம்மா திரி சுருட்டியது ஆபீசுக்குள் கொஞ்ச காலம், வீட்டுத் திண்ணையில் பெரும்பாலான காலம். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. வெடி விபத்து நடந்தால் மட்டும் இந்தத் தொழிலாளிகளின் பெயரைத் தேடுகிறார்கள். மெதுவாக வரும் நோய்க்கு நிவாரண அறிவிப்பு கிடையாது.

எனவே, ஊரில் சங்கமோ படிப்பு வட்டமோ வைத்திருக்கும் தோழர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் காலனியில் கீமோ எடுப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். மருந்து ஏறிய தேதியை வாங்கி, ஏழாவது நாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு ஆள் தெர்மாமீட்டரோடு போகட்டும். டிஸ்சார்ஜ் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ராத்திரி 108ஐ அழைக்கும்போது "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கையில் இந்தப் பட்டியலும் இருக்க வேண்டும் என்று கிராம சபையில் எழுதிக் கொடுங்கள், நாங்களும் கொடுக்கப் போகிறோம்.

அம்மாவுக்கு இன்னும் மூன்று கீமோ பாக்கி. தெருவில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி தினமும் இரண்டு வேளை அளந்து எண்ணை அனுப்புகிறாள். நேற்று 98.2. அம்மாவிடம் எப்படியிருக்கிறது என்று நாங்கள் இப்போது கேட்பதில்லை, எத்தனை என்று மட்டும் கேட்கிறோம்.