நீவாடு அறியாத நாவல்கள்

காதல் நாவல் ஒரு பக்கம், மர்ம நாவல் ஒரு பக்கம் என்று இரண்டு தனிச் சரக்காகப் பிரித்துக் கதை விற்பது தமிழில் அவ்வளவு பழைய வழக்கமன்று. பெருந்திரளான வாசகரை எண்ணி, விற்பனையை முன்னிட்டு எழுதப்படும் கதையை ஆய்வாளர்கள் வெகுசன நாவல் என்பர். அவ்வகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் கையில் வளர்ந்தபோது காதலும் குற்றமும் ஒரே அட்டைக்குள்தான் குடியிருந்தன. மன்னார்குடிப் பக்கத்து வடுவூரைச் சேர்ந்த ஐயங்காரின் 'மேனகா', 1935-இல் திரைப்படமாகவும் வந்த நாவல், இதற்கு நல்ல சான்று. தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகளான மேனகா, சென்னையில் வக்கீலாக இருக்கும் கணவன் வராகசாமியின் வீட்டில் நாத்தனார்களின் கொடுமைக்கு ஆளாகிறாள். சூழ்ச்சியால் அயலான் ஒருவனுக்கு விற்கப்படுகிறாள். விலைகொடுத்து வாங்கியவனுடைய மனைவி நூர்ஜஹானே அவளைக் காப்பாற்றுகிறாள். காணாமற்போன பெண் எங்கே என்பது மர்மம், கணவன் இனி அவளை நம்புவானா என்பது காதல். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காதவரை முதல் கேள்விக்கு விடை கிடைத்தும் பயனில்லை என்ற நெருக்கடியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நீண்ட வருணனைகளும் இடையிடையே வரும் உபதேசமும் இன்றைய வாசகரின் பொறுமையைச் சோதிக்கும் என்பது உண்மையே; ஆயினும் அவற்றைத் தாண்டிச் செல்பவருக்குக் கதை ஏமாற்றம் தருவதில்லை.

காதலும் குற்றமும் ஒன்றாகக் குடியிருந்ததற்கு இன்னொரு சான்றும் உண்டு. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவர், 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார், அதற்கு உ. வே. சாமிநாதையர் மதிப்புரை வழங்கினார். ஆந்தனி ஹோப் 1894-இல் எழுதிய 'ஜெண்டாவின் கைதி' என்னும் ஆங்கில சாகச நாவலின் சாயல் அதில் உண்டென்பர். சாயல் எங்கிருந்து வந்திருந்தாலும், தலைப்பே இரு வகைகளின் முடிச்சைச் சொல்லிவிடுகிறது. தமிழில் பொழுதுபோக்குக் கதையின் வரலாற்றை எழுதுவோர் கும்பகோணத்தையும் சென்னையையும் சுற்றிவந்துவிட்டு, இந்த நாகூர்ப் பெண்மணியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது நியாயமன்று.

காதல், மர்மம் என்ற பிரிவினை மாத நாவலோடு வந்தது. மாதம் ஒரு முழுக்கதை, செய்தித்தாள் தாளில் அச்சு, நடுவில் இரண்டு பின், பளபளக்கும் மேலட்டை, அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகம் என்ற அமைப்பில் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய இதழ்களைத்தான் மாத நாவல் என்று வழங்கினர். 'மாலைமதி', 'ராணி முத்து' போன்றவற்றுக்குப் பின் வந்த வெளியீடுகள் 'கிரைம் நாவல்' என்றும் 'குடும்ப நாவல்' என்றும் தலைப்பிலேயே பங்கு பிரித்துக்கொண்டன. கடைக்காரருக்கு இது வசதி. எந்தக் கை எதை நோக்கி நீளும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நேர்ந்த நட்டம் மெல்லத்தான் தெரியவந்தது.

காதல் நாவலின் நிலையை முதலில் பார்க்கலாம். இத்துறையில் வாடகை நூலகங்களின் அரசியாக நெடுங்காலம் விளங்கியவர் ரமணிச்சந்திரன். அவருடைய கதைகளில் தன்மானமுள்ள, பணமுடையில் சிக்கிய ஒரு பெண், செல்வமும் முன்கோபமும் உள்ள ஓர் ஆண், இருவருக்கும் இடையே ஒரு தப்பெண்ணம், இறுதியில் திருமணமோ மனம் ஒன்றுபடுதலோ என்ற ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும். முடிவு தெரிந்தே படிக்கப்படுகிறது என்பதைக் குறையாகச் சொல்வது அறியாமை. வீட்டு வேலைக்கும் தூக்கத்திற்கும் இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், கதையாவது கைவிடாது என்ற உறுதியை வாசகி விலைகொடுத்து வாங்குகிறாள். உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. இருவர் ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடக்கூடிய தப்பெண்ணத்தை இருநூறு பக்கத்திற்கு இழுப்பது, தமிழ்நாட்டில் காதலுக்கு உண்மையாகவே குறுக்கே நிற்பவற்றின் பக்கம் திரும்பாதிருக்கும் உத்தியாகிவிட்டது. இக்கதைகளில் பெரும்பாலானவற்றில் நாயகனின் சாதியும் நாயகியின் சாதியும் சொல்லப்படுவதே இல்லை. சொல்லப்படாததாலேயே இரண்டும் ஒன்றென்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கைப்பேசிச் செயலிகளிலும் இணையத்திலும் தொடராக எழுதப்பட்டுப் பின் தடித்த நூல்களாக அச்சாகும் புதிய காதல் நாவல்கள், மணமுறிவு, மறுமணம், வேலைக்குப் போகும் பெண்ணின் அயர்வு ஆகியவற்றைத் துணிந்து தொட்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றுள் பெருகிவிட்ட 'ஆன்டி ஹீரோ' வகை, அதாவது நாயகியைக் கடத்திவந்து கட்டாயத் தாலி கட்டி, அடித்து, ஐயுற்று, ஐம்பதாவது அத்தியாயத்தில் கண்கலங்கி மன்னிப்புப் பெறும் நாயகனைக் கொண்ட வகை, காதல் கதையே அன்று. அது துப்பறிவாளர் வராத குற்றக் கதை. 'மேனகா'வில் இத்தகையவன் வில்லனாக இருந்தான் என்பதை நினைத்தால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் எது முன்னேறியது என்ற கேள்வி எழாமல் போகாது.

இந்நாவல்களை அவை எட்டிப்பாராத ஓர் ஊரில் இருந்துகொண்டு படித்துப் பார்ப்பது பயன் தரும். காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊரான பட்டினச்சேரி அதற்கு ஏற்ற இடம். ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை. நாற்புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ, புதுச்சேரி ஆட்சியின் கீழிருக்கும் நிலத்துண்டு. முன்பு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இப்பகுதி 1962-இல் முறைப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும், அக்குடியுரிமையுள்ள மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் இருக்கும் தனி மதிப்பும் என்று காதலுக்குத் துணையாகவும் தடையாகவும் நிற்கக்கூடியவை காரைக்கால் வட்டாரத்தில் ஏராளம். இவற்றுள் ஒன்றேனும் இருக்கும் இடத்தில் ஐந்து நிமிடத் தப்பெண்ணம் தேவைப்படாது. தென்கோடிக் கரையில் இது நடந்திருக்கிறது: 1977-இல் வெளிவந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', வல்லக்காரருக்கும் லாஞ்சுக்காரருக்கும் மூண்ட தொழிற்பகையின் நடுவே பிலோமியின் காதலை வைத்தது, கடல் அதில் பின்னணித் திரையாக இல்லாமல், அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பிழைப்பாக இருக்கிறது.

மர்ம நாவலுக்கு வந்தால், இங்கே திறமைக்குக் குறைவில்லை. 1500-க்கு மேற்பட்ட நாவல்களை எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் கோவை ராஜேஷ்குமார், தொடர்பற்ற இரு நிகழ்வுகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி இறுதியில் ஒரே புள்ளியில் முட்டவிடும் உத்தியைத் தம் முத்திரையாக்கிக்கொண்டார்; அந்த ஓட்டத்தில் அவரை விஞ்சியவர் இல்லை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபா என்ற இரட்டையரின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய இணைகளில் காதலின் எச்சம் சற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் சுசீலாவின் பனியனில் அச்சிட்ட குறும்பு வாசகமாகவும் அதைத் தொடரும் சீண்டலாகவும் அது சுருங்கிப்போனதால், சிரிக்கவைக்கிறதே அன்றி வழக்கின் முடிவில் எதையும் பணயம் வைப்பதில்லை. சுஜாதா மட்டும் வேறு வழியில் போனார். 1968-இல் 'குமுத'த்தில் வந்த 'நைலான் கயிறு' முதற்கொண்டு அவருடைய கணேஷ் வக்கீலாக இருந்ததனால், கண்டுபிடித்தது நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கவலையும் கதைக்குள் நுழைந்தது. தமிழ்த் துப்பறியும் கதைக்கு வயது வந்தது அப்போதுதான்.

மற்றவற்றில் பெரும்பாலானவை தோற்பது கடைசி ஐந்து பக்கத்தில். மேனாட்டுத் துப்பறியும் நாவலில் நேர்மை விதி என்று ஒன்றுண்டு: துப்பறிவாளர் அறிந்த துப்பு அனைத்தும் வாசகரின் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும், குற்றவாளி தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம், ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் இதைப் பத்துக் கட்டளைகளாகத் தொகுத்தார். தமிழ் மர்ம நாவலோ கடைசியில் ஒரு மனநோயாளியையோ, இரகசிய மருந்தைச் சோதிக்கும் டாக்டரையோ புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தி, அவர் வாயாலேயே முழுக்கதையையும் சொல்லவைத்து முடித்துக்கொள்கிறது. பகைக்கான காரணம் வாசகருக்கு முன்பே தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகலாம். திருமலைராயன்பட்டினத்தார் இந்த அச்சத்தை ஏற்கமாட்டார்கள்: திருமலைராயன் அவையில் இருக்கை மறுக்கப்பட்ட காளமேகப் புலவர், அந்த ஊர் மண்மாரியால் அழியும்படி பாடினார் என்ற கதை அவ்வூருக்குரியது. அதில் காரணம் முதலிலேயே தெரியும். பழி எப்படி வரும் என்பதுதான் தெரியாது, அதுவே கேட்பவரைப் பிடித்து நிறுத்துகிறது.

மர்ம நாவலாசிரியர்கள் கடலைப் பயன்படுத்தும் முறை இன்னும் பரிதாபமானது. பிணத்தைக் கடலில் எறிந்தால், கதைக்கு வேண்டுமென்றால் அது மறுநாள் அதே இடத்தில் ஒதுங்கும், வேண்டாமென்றால் மறைந்துபோகும். கரையோர நீரோட்டத்தை மீனவர் நீவாடு என்பர். சோழமண்டலக் கரையில் கோடை மாதங்களில் அது பெரும்பாலும் வடக்கு நோக்கியும், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். ஆகவே ஜூன் மாதத்தில் நாகூர்க் கடலில் வீசப்பட்ட உடல் வடக்கே பட்டினச்சேரிக் கரையில் ஒதுங்க வாய்ப்புண்டு. டிசம்பரில் வீசப்பட்டதோ வேளாங்கண்ணிப் பக்கம் போகும். நாகூர் தமிழ்நாடு, பட்டினச்சேரி புதுச்சேரி. குற்றம் ஓர் அரசின் எல்லையில், பிணம் இன்னோர் அரசின் எல்லையில், விசாரணை எந்தக் காவல் நிலையத்துக்குரியது என்ற சண்டை இரண்டுக்கும் நடுவில். இறந்தவனின் இடுப்பில் புதுச்சேரியில் மட்டுமே விற்பதற்கென்று முகப்புச்சீட்டு ஒட்டிய சாராயப் புட்டி ஒன்று இருந்து, அது எல்லையிலுள்ள வாஞ்சூர் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்க் கடல் வழியே திரும்பி வந்திருக்கிறது என்று வலை பின்னிக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் எடுத்துச் சொன்னால், அதைவிட நேர்மையான துப்பு வேறில்லை. அந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த செய்தி அது. கொலையாளி வெளியூரான் என்பதும் அதிலேயே அடங்கிவிடும், ஏனெனில் உள்ளூர்க்காரன் நீவாடு பார்க்காமல் பிணத்தை எறியமாட்டான்.

தொடராக எழுதுவதால்தான் தரம் கெட்டது என்ற வாதம் நிற்காது; தேவனின் 'துப்பறியும் சாம்பு'வும் வாராவாரம் வந்ததே. ஆற அமர எழுத நேரமில்லை என்பதும் பாதி உண்மைதான். காதல் நாவலாசிரியர் குற்றத்தைக் காதல் என்று எழுதுவதையும், மர்ம நாவலாசிரியர் அன்பைப் பனியன் வாசகமாகச் சுருக்குவதையும் விட்டு, இருவரும் ஒரே ஊரை, ஒரே தொழிலை, அங்கே உண்மையில் அஞ்சப்படுவதை எழுத உட்கார்ந்தால் போதும். காரைக்கால், நாகூர், தரங்கம்பாடிக் கரைகளில் வளர்ந்து இன்று செயலிகளில் தொடர் எழுதத் தொடங்கியிருப்போர், நாயகனைக் கோவைத் தொழிலதிபராக ஆக்குவதற்கு முன் தம் தெருவை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. படிப்பதற்கு ஆளுக்கும் நேரத்துக்கும் அப்போது பஞ்சமில்லை.