கன்னியாவின் ஏழு கிணறுகள்

மடு அன்னையின் ஆடித் திருவிழா நிறைவுற்ற மறுவாரம், மன்னாரிலிருந்து திருகோணமலைக்கு என் மூத்த சகோதரியின் குடும்பத்தாருடன் ஒருநாட் பயணம் மேற்கொண்டேன். வாதத்தினால் முழங்கால் நோவுற்றிருந்த தாயைக் கன்னியா வெந்நீரூற்றில் ஒருமுறை நீராட்ட வேண்டுமென்பது அவர் மகளின் நெடுநாள் விருப்பம். அதிகாலைத் திருப்பலி முடித்து, புட்டும் சம்பலும் பொதிசெய்து, வாடகை வான் ஒன்றில் எழுவர் புறப்பட்டோம்.

ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வழி. தாம்போதியைக் கடக்கையில் இருமருங்கும் கடல் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. முருங்கனை அண்மியபோது கட்டுக்கரைக்குளம் கோடையினால் வற்றி, கரையோரச் சேற்றில் கொக்குகள் நின்றன. மடுச் சந்தியில் வாகனத்தை நிறுத்தி, ஆலயம் இருக்கும் திசை நோக்கி அருள் நிறை மந்திரம் சொன்னோம். 1670ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தாங்கி வந்த திருச்சொரூபம் அங்குள்ளது. 2008 ஏப்ரலில் போரின் காரணமாகத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டிலே மீண்டது. அச்சந்தியைக் கடக்கும்போதெல்லாம் அக்கா ஒரே வாக்கியம் சொல்வார்: "மாதா திரும்பி வந்திட்டா." அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டார். சொல்லாத மறுபாதியை நாங்கள் அறிவோம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய கூட்டத்தினூடே கைவிட்டுப் பிரிந்த அவர் மூத்த மகன் இன்றுவரை திரும்பவில்லை.

செட்டிகுளப் பிரதேசத்தை ஊடறுத்துச் செல்கையில் அவர் கண்களை மூடிக்கொண்டார். 2012இல் மூடப்பட்ட மெனிக் பாம் முகாமில் அவர் கழித்த மாதங்கள் அவருக்கு மட்டுமே தெரியும். வவுனியாவில் சிறுவர் பாலைப்பழம் வாங்கித் தின்று, உதடுகள் ஒட்டிக்கொண்டன என்று சிரித்தனர். ஹொரவப்பொத்தானை வழியே காடு தொடர்ந்தது. பாலையும் வீரையும் முதிரையும் நிழல் விரித்த அந்நெடுவழியில், யானை வருமோ என்று பேரப்பிள்ளைகள் யன்னலோரம் காத்திருந்தனர். யானை வரவில்லை, மயில்கள் வந்தன. பன்குளம் தாண்டி, திருகோணமலைக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் இருக்கையில் பாதை கன்னியாவுக்குத் திரும்பியது.

சதுரமாய்க் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள்; ஒன்றுக்கொன்று சில அடிகளே தூரம். ஆயினும் ஒன்றன் சூடு மற்றொன்றில் இல்லை. ஒன்றில் இளஞ்சூடு; அடுத்ததில் முதல் வாளிக்கு உடல் சிலிர்க்கிறது. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதே வழக்கம். இந்நாட்டில் எரிமலை இல்லையே, யார் அடுப்பு மூட்டினார் என்று சிறுவன் கேட்டான். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகுஆழம் இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடுகிறது. அங்கே சூடேறிய நீர் வேறொரு பிளவைப் பற்றி மேலெழுகிறது என்று விளக்கினேன். "அப்ப இது பழைய மழையா, சுவாமி?" என்றான். ஆம் என்றேன்.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்த இடம் இதுவென்பது சைவ மக்களிடையே வழங்கும் கதை. அதனால் இறந்தோருக்கான 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கு வருவோர் பலர். அன்றும் ஒரு குடும்பம் வந்திருந்தது. மகனை இழந்த முதிய தாயொருவர் ஈரச் சேலையுடன் படியில் அமர்ந்திருந்தார்.

அக்கா வெகுநேரம் அவரையே நோக்கியிருந்தார். பின் என்னிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, அந்த மனுசிக்கு ஒரு நாள் இருக்கு. எண்ணிக்கொண்டு வந்து செய்யினம். நான் எந்த நாளை எண்ணுறது?"

என்னிடம் விடை இருக்கவில்லை. ஒரு குற்றத்தையும் இங்கு ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்தில், மரித்த விசுவாசிகளின் பெயர்ப் பட்டியலில் மகனின் பெயரையும் எழுதும்படி நான் அவரை வற்புறுத்தினேன். மனம் ஆறுமென்று எண்ணினேன். அவர் எழுதவில்லை, அதன்பின் என்னுடன் மகனைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். வெகுகாலத்தின்பின் அன்றுதான் பேசினார்.

அப்போது அம்முதிய தாய் வாளியைத் தூக்க முயன்று தளர்ந்தார். அக்கா தம் முழங்கால் நோவையும் மறந்து எழுந்து, மொண்டு மொண்டு அவர் தலையில் ஊற்றினார். இருவரும் ஒருவரையொருவர் பெயர் கேட்கவில்லை. பெத்சதா குளக்கரையில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரை எண்ணிக்கொண்டேன். தம்மைத் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை என்பதே ஆண்டவரிடம் அவர் வைத்த முறையீடு. அத்தனை ஆண்டுகளும் தண்ணீர் அருகிலேயே இருந்தது.

திரும்பும் வழியில் இருள் சூழ்ந்த காட்டினூடே செபமாலை சொன்னோம். முடிவில் அக்கா, "நாளைக்குப் பூசையில அவனை நினையுங்கோ" என்றார். மரித்தவனாகவா, உயிருடனிருப்பவனாகவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் பீடத்தில் அவன் திருமுழுக்குப் பெயரை மட்டும் உச்சரித்தேன். அவன் எங்கிருக்கிறான் என்பதை இறைவன் அறிவார். வாழ்வோரும் மரித்தோரும் அவர் கைக்குள்ளேயே உள்ளனர்.

அன்பார்ந்த பங்குக் குடும்பத்தாரே, இத்தகைய தாய்மார் நம் ஆலயங்களில் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். "இன்னுமா காத்திருக்கிறாய்?" என்று கேளாதீர்கள். "வருவான்" என்று எளிதில் வாக்களிக்கவும் வேண்டாம். அருகில் அமர்ந்து பெயரைக் கேளுங்கள். அப்பெயரைச் சொல்லி அவர்களுடன் செபியுங்கள். அவர்களின் கண்ணீரும் வெகுஆழம் இறங்கிச் சூடேறிய பழைய மழையே.

முழங்கால் நோவு குறைந்ததா என்று நேற்று அக்காவைக் கேட்டேன். "அது அப்படியேதான் இருக்கு" என்றார். பின், "திரும்ப எப்ப போவம்?" என்று வினவினார்.