படக்கதையும் நானும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறையினர் அன்போடு கேட்டனர். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் சிலம்பைப் பற்றியோ சீறாவைப் பற்றியோ எழுதுவான் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத என்னினும் வல்லார் இங்கு உள்ளனர். நான் எழுத விரும்புவது படக்கதை நூல்களைப் பற்றி. ‘காமிக்ஸ்’ என்று ஊரார் வழங்கும் சொல்லையே நானும் இடையிடையே வழங்குவேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் தெரு முனையிலிருந்த பெட்டிக்கடையில் வார இதழ்களோடு சிறு சிறு புத்தகங்களும் சணற்கயிற்றில் தொங்கும். அவற்றுள் ஒன்று ‘இரும்புக்கை மாயாவி’. சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸின் முதல் நூலாக 1972இல் வந்தது அது. அதன் நாயகனுக்கு ஒரு கை இரும்பால் ஆனது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் இதை மெய்யென்று நம்பி, வீட்டு மின்செருகியில் விரலை விடத் துணிந்து, தாயாரிடம் நன்றாக அடி வாங்கினான். அவன் இன்று மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று நலமாக இருக்கின்றான்.

பாடநூலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த நான் தடையின்றி வாசிக்கக் கற்றது இந்த நூல்களில்தான். படம் ஓடு என்று விரட்டும். எழுத்து நில் என்று தடுக்கும். அடுத்த கட்டத்தில் என்ன நேர்ந்தது என்றறியும் ஆவலில் வாய் தானே சொற்களைப் பற்றிக்கொள்ளும். ‘சதி’, ‘மர்மம்’, ‘உளவாளி’, ‘நீர்மூழ்கி’ முதலிய சொற்களையெல்லாம் ஆசிரியர் சொல்லித் தருமுன்பே நான் அறிந்திருந்தேன்.

மாயாவி தமிழன் அல்லன் என்பது எனக்கு நெடுங்காலம் கழித்தே தெரிந்தது. ‘வேலியண்ட்’ என்னும் பிரிட்டிஷ் வார இதழில் 1962இல் தோன்றிய கதை அது. பெரும்பகுதியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். அங்கே அவன் பெயர் லூயிஸ் கிராண்டல்; முதலில் குற்றவாளியாகத் திரிந்து, பின்னரே நல்வழிக்கு வந்தவன். பிரிட்டனில் எழுதப்பட்டு, ஸ்பானியர் கையால் வரையப்பட்டு, சிவகாசியில் அச்சேறி, எங்கள் தெருப் பெட்டிக்கடையில் தொங்கிய அந்த நூலை எம்மவர் கதை என்றே நாங்கள் படித்தோம். மொழிபெயர்த்தவரின் திறத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பை எட்டுவதற்குள் ஒரு தகரப்பெட்டி நிறையச் சேர்த்துவிட்டேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. நான் பள்ளிக்குச் சென்றிருந்த ஒரு நண்பகலில் என் தந்தையார் பழைய தாள் வாங்குபவரை அழைத்து, பெட்டியைக் கவிழ்த்து, அத்தனையையும் எடைக்குப் போட்டுவிட்டார். மாலையில் வந்து வெறும் பெட்டியைப் பார்த்தேன். தந்தையாரிடம் ஏன் என்று கேட்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. கணக்கில் அதன்பின் நல்ல மதிப்பெண் பெற்றேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. தமிழ்ச் சிறுவர்க்கு அது பொற்காலம். நானோ அப்போது கல்லூரி மாணவன். தொல்காப்பியம் படிப்பவன் மாடஸ்டியையும் ஜேம்ஸ்பாண்டையும் கையில் வைத்திருப்பதா என்னும் நாணத்தால் கடைகளைக் கடந்து சென்றேன். பின் முதுகலை, பணி, குடும்பம் என ஆண்டுகள் ஓடின.

1998ஆம் ஆண்டென்று நினைவு. நான் அகப்பாடல் ஒன்றின் உள்ளுறையை விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவர் ஒருவர் மடியில் எதையோ வைத்து ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். அருகில் சென்று கையை நீட்டினேன். மேலட்டை ஓரம் கிழிந்த ஒரு படக்கதை. “ஐயா, அது என் மாமாவுடைய புத்தகம்” என்றார். “பருவத் தேர்வு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்” என்றேன். வகுப்பு சிரித்தது. அறைக்கு வந்து மேசையிழுப்பறையில் போடும்போதுதான் பார்த்தேன்: இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் காணாதிருந்த ‘இரும்புக்கை மாயாவி’, பழைய பதிப்பு.

அன்று மாலை அறையைத் தாழிட்டுக்கொண்டு அதைப் படித்து முடித்தேன். ஒரு கட்டத்தில் கை ஓங்கப்படுகின்றது. அடுத்த கட்டத்தில் எதிரி கீழே கிடக்கின்றான். இடையில் விழுந்த அடியை எவரும் வரையவில்லை. படிப்பவனே அதை மனத்தில் வரைந்துகொள்கின்றான். காலையில் நான் உள்ளுறை என்று பாடம் நடத்தியதற்கு இது மிகத் தொலைவில் உள்ளதன்று என்று தோன்றியது. அந்த மாணவர் என்னைவிட நன்றாகவே பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

தேர்வு முடிந்து அவர் வரவில்லை. விசாரித்தபோது, படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாக நண்பர்கள் கூறினர். அலுவலகத்திலிருந்த முகவரிக்குக் கடிதம் எழுதினேன். வீடு மாறிவிட்டனர் என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

மீண்டும் நான் காமிக்ஸ் தேடத் தொடங்கியது இவ்வாறுதான். புதிதாகத் தொடங்க விரும்பும் மாணவர்க்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்வேன். முதலில் படியுங்கள், சேர்ப்பது பிறகு. எதைப் படித்து முடித்ததும் மறுபடி புரட்டத் தோன்றுகின்றதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய முத்து நூல்களுக்கு இன்று சேகரிப்பாளரிடையே முகவிலையைப் போல் பன்மடங்கு விலை சொல்லப்படுகின்றது. அதைக் கேட்டு மயங்க வேண்டா. பலவும் மறுபதிப்பாக வந்துள்ளன, கதை ஒன்றுதான். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. அதைப் பழைய புத்தகக் கடைகளில்தான் தேட வேண்டும். லயனும் முத்துவும் 2012 முதல் நல்ல தாளில், வண்ணத்தில், பெரிய அளவில் வருகின்றன. தொடங்குவோர் லக்கி லூக்கிலிருந்து தொடங்கலாம் என்பது என் துணிபு. தன் நிழலைவிட விரைவாகச் சுடும் அந்தக் குதிரைவீரனைப் படித்துச் சிரிக்காதவரை நான் கண்டதில்லை. வீரக்கதை விழைவோர்க்கு டெக்ஸ் இருக்கின்றார்; இத்தாலியில் 1948இல் பிறந்து இன்றும் ஓயாதவர்.

பாதுகாப்பது பற்றியும் ஒரு சொல். பழைய நூல்கள் மலிவான செய்தித்தாள் தாளில் அச்சானவை. மரக்கூழில் எஞ்சியுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் தாளைப் பழுப்பாக்கும். நாளடைவில் தாள் முறுகி ஒடியும். ஆகவே இருளும் உலர்ச்சியும் உள்ள இடம் வேண்டும். தைத்த கம்பி துருப்பிடித்திருந்தால் மெல்ல எடுத்துவிட்டு நூலால் தைக்கலாம். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டுவது பெரும்பிழை. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளையும் கறைப்படுத்தும். இப்பிழையை நான் ஒன்பது நூல்களில் செய்தேன். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி உலர்ந்த வேப்பிலை இடுகின்றேன். அதைவிட, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டுவதே நற்பயன் தருகின்றது.

என்னிடம் இப்போது நானூற்றுச் சொச்சம் நூல்கள் உள்ளன. அவற்றுக்கு ஒரு பதிவேடும் உண்டு. சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்த சேகரிப்பாளர் ஒருவர் ஓரம் கிழிந்த அந்த மாயாவியைக் கண்டு, நான் எதிர்பாராத தொகையைச் சொன்னார். அது விற்பனைக்கன்று என்றேன். பதிவேட்டை வாங்கிப் புரட்டியவர், “இரண்டிலிருந்து தொடங்குகின்றதே, ஒன்று எங்கே ஐயா?” என்று வினவினார்.

அந்த வரியை நிரப்ப எனக்கு உரிமையில்லை. நூல் பழுப்புத்தாள் உறையில் என் மேசை மேலேயே இருக்கின்றது. இம்மலர் கடல் கடந்தும் முன்னாள் மாணவர்கள் கைக்குச் செல்லும் என்கின்றார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவர் இதைக் காண நேர்ந்தால், தமிழ்த்துறைக்கு ஒரு வரி எழுதட்டும்.